அந்தப் பதினோரு நாட்கள்

கம்யூன் அலுவலகத்தின் முற்றத்தில் அந்தப் பெண்கள் பல நாட்களாகக் கிடந்தார்கள். வீடுகளை எரித்துவிட்டார்கள். பலருடைய கணவன்மாரை ஏற்கெனவே கொன்றாகிவிட்டது. பிள்ளைகள் பசியில் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிருந்தன. இன்டரஹாம்வே என்ற கட்சி அடியாட்கள் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து அடித்தார்கள். பெண்களை இழுத்துக்கொண்டு போய்ச் சிதைத்தார்கள். இனித் தாங்காது என்ற நிலையில் அவர்கள் அலுவலகத் தலைவரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: எங்களைச் சுட்டுக் கொன்றுவிடுங்கள். அதற்கு அவர், கைவசம் தோட்டா இல்லை, கிதராமாவில் கேட்டிருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை என்று பதில் சொன்னார். கிடைத்தாலும் அதை உங்கள்மேல் வீணாக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டு, அவர்களை விரட்டிவிடும்படி காவலர்களைப் பணித்தார்.

இது நடந்தது ருவாண்டாவின் தாபா கம்யூனில், 1994இல். சொன்னவர், அந்த முற்றத்தில் கிடந்து உயிர்தப்பிய ஒரு பெண். சொன்ன இடம், தான்சானியாவின் அருஷா நகரில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நீதிமன்றம். அங்கே அவருக்குப் பெயர் கிடையாது. பாதுகாப்புக்காக இரண்டு எழுத்துகள் மட்டும்.

அந்தச் சாட்சியத்தில் இதைவிடக் கொடூரமான பகுதிகள் உண்டு. ஆனாலும் எனக்கு இந்தப் பதிலைத் தாண்டிப் போக முடியவில்லை. இருப்பு இல்லை, மேலே எழுதியிருக்கிறோம், வரட்டும் பார்க்கலாம் என்று ரேஷன் அட்டைக்கும் பட்டா மாறுதலுக்கும் நாம் கேட்டுப் பழகிய அதே குரல். வெறிபிடித்த ஒருவனின் குரலாக இருந்திருந்தால் மனம் அதை எங்காவது தூரத்தில் ஒதுக்கி வைத்திருக்கும். இது தினமும் பத்து மணிக்கு வந்து மேசையில் உட்காரும் ஆளின் குரல். இனப்படுகொலையைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் தலைவர்களையும் தளபதிகளையும் வானொலிப் பேச்சாளர்களையும் நோக்கியே நம் கண் போகிறது. இந்த மேசைக்காரர்களை நாம் போதுமான அளவு பார்க்கவில்லை.

அவர் பெயர் ழான்-போல் அகயேசு. 1953இல் அதே தாபாவில் பிறந்தவர். ஆசிரியராக வேலை பார்த்து, பிறகு பள்ளி ஆய்வாளர் ஆனார். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். ஊர்க் கால்பந்து அணியில் ஆடியவர். பல கட்சி அரசியலுக்கு வழி திறந்தபோது, ஆளுங்கட்சியில் சேராமல் எம்.டி.ஆர். என்ற எதிர்க்கட்சியில் சேர்ந்தார். 1993 ஏப்ரலில் கம்யூன் தலைவராகத் தேர்வானார். அவரை நல்ல மனிதர் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

கம்யூன் தலைவர் என்றால் என்ன அதிகாரம் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். அன்றைய ருவாண்டா 11 மாகாணங்களாகவும் 145 கம்யூன்களாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கம்யூனில் சராசரியாக ஐம்பதாயிரம் பேர். அதற்குக் கீழே செக்டர், அதற்கும் கீழே செல், கடைசியில் பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் ஊரைவிட்டுப் போனார் என்பது அந்தப் பத்து வீட்டுக்காரருக்குத் தெரியும்; அவர் வழியாகச் செக்டருக்கும், அங்கிருந்து கம்யூனுக்கும் செய்தி ஏறிவிடும். உமுகாண்டா என்று வாரம் ஒரு நாள் கட்டாய ஊர்வேலை. அதிகாரி அழைத்தால் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அபராதம். சாலை போடுவதும் மரம் நடுவதும் இப்படித்தான் நடந்தன. கம்யூன் போலீஸ் தலைவரின் கட்டளையில் இருந்தது. வரி, நிலத்தகராறு, குடும்பச் சண்டை எல்லாம் அவரிடம்தான் வரும். மக்கள் அவரைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருந்தார்கள் என்பதை நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது.

அடையாள அட்டையைக் கொடுப்பதும் கம்யூன்தான். அந்த அட்டையின் பிரதிகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. உள்ளே புகைப்படம், முத்திரை. அதையொட்டி இனம் என்று ஒரு வரி. ஹுட்டு, டுட்சி, ட்வா, குடியுரிமை பெற்றவர் என நான்கும் அச்சாகியிருக்கும்; பொருந்தாத மூன்றைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். 1930களில் பெல்ஜியர்கள் கொண்டுவந்த ஏற்பாடு இது. தகப்பன் என்னவோ அதுவே பிள்ளையும். விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகள் இந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டன. எடுத்துவிடுகிறோம் என்று 1990இல் குடியரசுத் தலைவர் ஹப்யாரிமானா அறிவித்தார், எடுக்கவில்லை. மூன்று சொற்களை அடித்த எழுத்தருக்கு அன்று அதில் எந்தப் பகையும் இருந்திருக்காது. நாலு வருடம் கழித்து, சாலைத் தடுப்பில் அரிவாளோடு நின்றவன் அந்த அட்டையை வாங்கி, அடிபடாமல் மிச்சமிருந்த சொல்லைப் பார்த்தான். அட்டை இல்லை என்றவரையும் டுட்சி என்றே எடுத்துக்கொண்டான்.

1994 ஏப்ரல் 6 இரவு ஹப்யாரிமானா சென்ற விமானம் கிகாலிக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே தலைநகரில் கொலைகள் தொடங்கின. ஏறத்தாழ நூறு நாட்களில் குறைந்தது எட்டு லட்சம் பேர் என்பது ஐ.நா. கணக்கு, பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு.

தாபாவில் தொடங்கவில்லை. இதைத்தான் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏப்ரல் 7 முதல் 18 வரை பதினோரு நாட்கள் அகயேசு கொலையைத் தடுத்து நிறுத்தினார். ஊர்க்கூட்டம் போட்டு அமைதியாக இருக்கச் சொன்னார். வெளியிலிருந்து வந்த இன்டரஹாம்வேயை எதிர்த்து நின்றார். பக்கத்து ருண்டா கம்யூனிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தாபா புகலிடம் தந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகளே இதை ஒத்துக்கொண்டார்கள், நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏப்ரல் 18 அன்று, தாபா அடங்கிய கிதராமா மாகாணத்தின் கம்யூன் தலைவர்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு ஆட்சியர் ஃபிடேல் உவிசேயே இடைக்கால அரசைப் பார்க்கப் போனார். கிகாலியைவிட்டு வெளியேறிய அந்த அரசு அப்போது கிதராமாவில்தான் இருந்தது. இவர்கள் போனது உதவி கேட்க: கொலைகாரர்கள் எல்லையில் நிற்கிறார்கள், ஆள் அனுப்புங்கள், மக்களைக் காப்பாற்ற வேண்டும். பிரதமர் ழான் கம்பாண்டா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. எதிரி யார் என்று அவரும் கட்சித் தலைவர்களும் வகுப்பெடுத்தார்கள். வந்தவர்களுக்குச் சேதி புரிந்தது. இந்த அரசு எந்தப் பக்கம் நிற்கிறது, அதோடு நிற்காதவர்களின் பதவி என்னவாகும், உயிர் என்னவாகும் என்பதெல்லாம்.

மறுநாள் விடியற்காலை கிஷ்யேஷ்யே என்ற இடத்தில் கூட்டம். கீழே ஒரு இன்டரஹாம்வே இளைஞனின் பிணம். நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அங்கே நின்று அகயேசு பேசினார்: நமக்கு இருப்பது ஒரே எதிரி, அவனுக்கு உடந்தையானவர்களை ஒழிக்க எல்லாரும் ஒன்றுசேர வேண்டும். உடந்தை என்றால் டுட்சி என்று கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்பவர்களுக்குத் தெரியும் என்று சொன்னவருக்கும் தெரியும். அன்றே தாபாவில் கொலை தொடங்கியது. அதுவரை கோட்டு போட்டுத் திரிந்தவர் இப்போது ராணுவச் சட்டைக்கு மாறினார் என்று சாட்சியம் இருக்கிறது. வீடுவீடாகத் தேடுதல் நடந்தது. அவரை நம்பி ருண்டாவிலிருந்து வந்தவர்களில் எட்டு ஆண்கள் அலுவலகத்தில் அடைபட்டிருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து கொல்லச் சொன்னார். படித்தவர்களைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து ஆசிரியர்களை அலுவலகத்துக்கு முன்னால் வெட்டியும் அடித்தும் கொன்றார்கள். சொன்னவர் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். ஜூன் முடிவதற்குள் தாபாவில் குறைந்தது இரண்டாயிரம் டுட்சிகள் இறந்திருந்தார்கள்.

அவரை 1995 அக்டோபரில் சாம்பியாவில் பிடித்தார்கள். 1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. செனகலின் லாயிட்டி காமா, சுவீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரென், தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை என மூன்று நீதிபதிகள். இலங்கைப் போர் தொடர்பாக ஜெனிவாவில் நடந்தவற்றைக் கவனித்தவர்களுக்கு நவி பிள்ளையின் பெயர் தெரியும். டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பேருந்து ஓட்டுநர். நிறவெறிக் காலத்தில் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்குரைஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண். அருஷா நீதிமன்றத்தில் அப்போது இருந்த ஒரே பெண் நீதிபதியும் அவர்தான். ருவாண்டா வழக்கில் அவர் ஆற்றிய பங்கைத் தமிழில் நாம் இன்னும் விரிவாகப் பேச வேண்டும்.

முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு தாய் தன் குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, தன் ஆறு வயது மகளைச் சீரழித்ததையும் சொன்னார். நவி பிள்ளை அதைக் கடந்து போக விடாமல் மேலும் கேட்டார். அடுத்து வந்த இன்னொரு பெண்ணும் அந்த முற்றத்தில் நடந்தவற்றைச் சொன்னார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒருவரைக் குற்றவாளி என்று சர்வதேச நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது அதுதான் முதல் முறை. இனப்படுகொலை ஒப்பந்தம் ஏற்கப்பட்டு ஐம்பது ஆண்டு ஆகப்போகும் நேரம். வன்புணர்ச்சி இனப்படுகொலையின் வடிவமாக இருக்க முடியும் என்று சொன்ன முதல் தீர்ப்பும் அதுவே. அந்த முதல் குற்றவாளி ஒரு பிரதமரோ தளபதியோ அல்ல, ஒரு கம்யூன் தலைவர். இரண்டு நாள் கழித்துத்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பிரதமர் கம்பாண்டாவுக்கு ஆயுள் தண்டனை அறிவிக்கப்பட்டது.

அகயேசுவின் வாதம் எளிமையானது. நான் சின்ன ஆள், ஆயுதம் வைத்திருந்தவர்கள் அடியாட்கள், என்னால் ஒன்றும் முடியவில்லை. இதைக் கேட்கும்போது மனம் சற்று இளகத்தான் செய்கிறது. நம்மில் யார் அந்த இடத்தில் வீரனாக நின்றிருப்போம்? ஆனால் அந்தப் பதினோரு நாட்கள் இருக்கின்றனவே. அவரைக் காப்பாற்றும் என்று அவர் நம்பிய அந்த நாட்களே அவருடைய வாதத்தைத் தகர்க்கின்றன. அதே ஊர், அதே அடியாட்கள், அதே சில போலீஸ்காரர்கள். அவர் வேண்டாம் என்றபோது கொலை நடக்கவில்லை. செய்யுங்கள் என்றபோது நடந்தது. அவர் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பதை அவரே இரண்டு தரம் அளந்து காட்டிவிட்டார். நீதிபதிகளும் அவர் சும்மா இருந்ததற்காக ஆயுள் தண்டனை கொடுக்கவில்லை. கொல்லச் சொன்னதற்கும், தூண்டியதற்கும், தன் முற்றத்தில் நடந்ததை அங்கேயே நின்று ஊக்கப்படுத்தியதற்கும் கொடுத்தார்கள்.

தெற்கே புத்தாரே மாகாணத்திலும் இதே கதை, வேறு முடிவோடு. அங்கே ஆட்சியர் ழான்-பப்டிஸ்ட் ஹப்யாரிமானா. இறந்த குடியரசுத் தலைவருக்கு உறவில்லை. நாட்டில் அப்போது இருந்த ஒரே டுட்சி ஆட்சியர். ஏறக்குறைய இரண்டு வாரம் மாகாணத்தின் பெரும்பகுதியை அவர் அமைதியாக வைத்திருந்தார். ஏப்ரல் 17 அன்று அவரைப் பதவி நீக்கினார்கள். 19 அன்று புதிய ஆட்சியரின் பதவியேற்பு விழாவுக்கு இடைக்காலக் குடியரசுத் தலைவர் சிந்திகுப்வாபோ நேரில் வந்தார். எனக்கென்ன என்று வேடிக்கை பார்ப்பவர்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்று எல்லா அதிகாரிகளையும் உட்காரவைத்துப் பேசினார். அதன்பின் புத்தாரேயில் நடந்த கொலைகள் நாட்டிலேயே மிகக் கொடியவற்றில் சேரும். நீக்கப்பட்ட ஆட்சியரையும் பின்னர் கொன்றார்கள். உள்ளூர் அதிகாரியால் எதுவும் ஆகாது என்றால், அவரை நீக்க ஏன் அவ்வளவு அவசரம்? ஒரு நாட்டின் தலைவர் போர் நடுவே ஒரு மாகாண விழாவுக்கு ஏன் வர வேண்டும்? அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் வேலை நடக்காது என்பது கொலைகாரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வேலை எப்படி நடந்தது என்பதை மனித உரிமை ஆய்வாளர் அலிசன் டெ ஃபோர்ஜும் அவருடைய குழுவினரும் புத்தாரேயில் கிடைத்த அலுவலகக் காகிதங்களைக் கொண்டே காட்டினார்கள். பாதுகாப்புக் கூட்டக் குறிப்புகள், சாலைத் தடுப்புகளுக்கும் இரவு ரோந்துக்கும் ஆள் போட்ட ஏற்பாடுகள், செத்தவர்களின் நிலமும் மாடும் யாருக்கு என்ற தகராறுகள். கோப்புகள் ஒருநாளும் நின்றுபோகவில்லை. ஏப்ரல் இறுதியில் கொலை முடிந்துவிட்டது, அமைதி திரும்பிவிட்டது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அதை நம்பிச் சதுப்பிலிருந்தும் கூரைக்குள்ளிருந்தும் வெளியே வந்தவர்களையும் வெட்டினார்கள்.

நம்பிக்கை என்ற விஷயம் எல்லாவற்றையும்விட என்னை வதைக்கிறது. 1959இலும் 1963இலும் டுட்சிகள் தாக்கப்பட்டபோது தேவாலயத்துக்கோ அரசுக் கட்டடத்துக்கோ ஓடியவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். அந்த நினைவில்தான் 1994இலும் ஓடினார்கள். பல இடங்களில் அதிகாரிகளே, அங்கே போங்கள், பாதுகாப்பு தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கிபுயே மாகாணத்தில் ஆட்சியர் க்ளெமான் கயிஷேமா ஒரு மருத்துவர். அந்த ஊர் விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். ஏப்ரல் 18 அன்று அவர் முன்னிலையில், அவர் கட்டளையில் சுட்டார்கள். ருசுமோ கம்யூன் தலைவர் சில்வெஸ்த்ர் ககும்பிட்சி ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சீரழிக்கச் சொன்னார். புகலிடம் தேடி வந்தவர்கள் கொல்லப்பட்ட ந்யாருபுயே தேவாலயம் அவருடைய பகுதியில்தான் இருக்கிறது.

மறுத்தவர்கள் இருந்தார்கள். கிதராமாவிலேயே, முகினா கம்யூன் தலைவர் கலிக்ஸ்த் ந்தகிஜிமானா ஹுட்டு. தன் பகுதிக்கு ஓடிவந்த டுட்சிகளைக் காப்பாற்ற நின்றார். அவரைக் கொன்றார்கள், அதன்பிறகுதான் முகினாவில் அவர்களால் முடிந்தது. வடக்கே கிதி கம்யூனில் எதுவார் செபுஷும்பா டுட்சி வீட்டு மாடுகளை அடித்துத் தின்றவர்களைப் பிடித்து உள்ளே போட்டார். மாடு திருடினால் கைது என்ற சாதாரணச் சட்டத்தை அசாதாரணமான ஒரு வாரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பிற்பாடு, அரசோடு போரிட்டுக்கொண்டிருந்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படை அங்கே வந்து சேர்ந்தது. அதுவும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படை வரும்வரை ஊர் கொலைக்களமாகாமல் இருந்தது. மாட்டைத் தொட்டவனைத் தண்டித்தால் மனிதனைத் தொடக் கை தயங்கும். இது பெரிய தத்துவம் இல்லை. எந்த ஊர் ஏட்டுக்கும் தெரிந்த விஷயம்.

அகயேசுவின் தீர்ப்பு வந்த அதே 1998இல், ஏப்ரல் மாதம், பிரான்சில் மோரிஸ் பாப்போனுக்குப் பத்து ஆண்டுச் சிறை கிடைத்தது. போர்தோ நகரில் ஆட்சியர் அலுவலகத்தின் பொதுச் செயலாளராக 1942 முதல் 1944 வரை இருந்தவர். அங்கிருந்து குழந்தைகள் உட்பட சுமார் 1,600 யூதர்கள் நாடுகடத்தப்பட்ட காகிதங்களில் அவர் கையெழுத்து இருந்தது. போருக்குப் பின் பாரிஸ் போலீஸ் தலைவராகி, பிறகு அமைச்சரும் ஆனார்.  பிள்ளைகள் போகும் ரயிலுக்கான காகிதத்தில் ஒப்பமிட்ட கை எப்படி மறுநாளும் அதே பேனாவை எடுத்தது என்று கேட்டால், மறுநாளும் மேசையில் காகிதம் இருந்தது என்பதைத் தவிர எனக்குப் பதில் தெரியவில்லை.

ருவாண்டா வழக்குகள் இன்னும் ஓயவில்லை. உள்ளூர் கச்சாச்சா நீதிமன்றங்கள் 2012 வரை பத்தொன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைக் கேட்டன. வெளிநாடுகளில் பதுங்கியவர்களை ஒவ்வொருவராகப் பிடிக்கிறார்கள். கிகொங்கோரோ மாகாண ஆட்சியராக இருந்த லோரான் புசிபாருட்டா 1990களின் பிற்பகுதியிலிருந்தே பிரான்சில் வாழ்ந்தார். அவருடைய மாகாணத்தில் முராம்பி என்ற குன்றின்மேல் கட்டி முடியாத தொழில்நுட்பப் பள்ளி ஒன்று இருந்தது. பாதுகாப்பு என்று சொல்லி டுட்சிகளை அங்கே போகச் சொன்னார்கள். தண்ணீரை நிறுத்தினார்கள். ஏப்ரல் 21 அதிகாலையில் தாக்குதல் தொடங்கியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். 2022இல் பாரிஸ் நீதிமன்றத்தில் அவர், தான் ஒருபோதும் கொலைகாரர்கள் பக்கம் நின்றதில்லை என்றார். எனக்குத் துணிச்சல் போதாமல் போனதா, அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்ற கேள்விகள் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தன்னை விடாமல் துரத்துகின்றன என்றும் சொன்னார்.

அந்த வருத்தம் நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவருடைய கேள்வி அவர் சொன்ன அளவுக்குப் பெரியதும் இல்லை. காப்பாற்றியிருக்க முடியுமா என்பதற்கு முன்னால் இன்னும் சிறிய கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னாரா? அந்தக் குன்றுக்குப் போகாதீர்கள், எல்லையைப் பார்த்து ஓடுங்கள் என்று ஒரே ஒரு குடும்பத்திடமாவது சொன்னாரா? கொலைக்கு மறுநாள் கூட்டம் போட்டுக் கொன்றவனின் பெயரை எழுதிக்கொண்டாரா? பதவியைத் துறந்தாரா? இவற்றில் ஒன்றுக்கும் பெரிய வீரம் வேண்டாம்; கிதியில் ஒரு கம்யூன் தலைவர் மாட்டுக்காகச் செய்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் போதும்.

உடந்தை என்று தீர்ப்பளித்து நீதிமன்றம் அவருக்கு இருபது ஆண்டுச் சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அது விசாரணைக்கு வருமுன், 2023 டிசம்பரில் இறந்துபோனார்.